மரித்த பின்னும் வேலை: ‘பாந்தியன்’ தொடரை முன்வைத்து

ஓர் அலுவலகம். கணினியின் முன் அமர்ந்து ஒரு பொறியாளர் வேலை செய்துகொண்டிருக்கிறார். கொடுக்கப்பட்ட பணி முடிகிறது, அடுத்த பணி வந்து சேர்கிறது, அதுவும் முடிகிறது. தம் துறையில் நிகரற்றவர் அவர். அவருக்குத் தெரியாத செய்தி ஒன்றுண்டு: அவர் உயிரோடு இல்லை. மும்பையிலுள்ள ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் அவரைக் கடத்திச் சென்று, அவருடைய மூளையை ஒளிக்கதிரால் அடுக்கடுக்காகச் சிதைத்துப் படியெடுத்து, அந்தப் படியைக் கணினிக்குள் ஏற்றிவிட்டது. அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியும் மேசையும் சன்னலும் நிறுவனம் அவருக்காக எழுதிய நிரலன்றி வேறில்லை. உடலை இழந்தபின் அவருக்கு எஞ்சியது வேலை ஒன்றே.

வினோத் சந்தா என்னும் இப்பொறியாளர் ‘பாந்தியன்’ என்ற அமெரிக்க வரைகலைத் தொடரின் கதைமாந்தர். ‘கார்ட்டூன்’ என்றவுடன் பிள்ளைகளுக்கானது என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடையே வலுவாக உள்ளது. இத்தொடர் பிள்ளைகளுக்கானதன்று, வயதுவந்தோருக்காக, மரணத்தையும் கூலியையும் ஆன்மாவையும் பற்றி எடுக்கப்பட்டது. சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கென் லியூவின் சிறுகதைகளை அடிப்படையாகக் கொண்டு கிரெய்க் சில்வர்ஸ்டீன் உருவாக்கிய இதன் முதல் பருவம் 2022 செப்டம்பர் 1 அன்று வெளிவரத் தொடங்கியது. பருவத்துக்கு எட்டுப் பகுதிகளாக இரண்டு பருவங்கள்.

இரண்டாம் பருவத்துக்கு நேர்ந்த கதியையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. 2023 ஜனவரியில் தயாரிப்பு நிறுவனம் அதை வெளியிடுவதில்லை என முடிவெடுத்தது. வரிக்கணக்கில் நட்டமாகக் காட்டுவதற்காகப் பல தொடர்கள் அவ்வாறு கைவிடப்பட்ட காலம் அது. உழைத்து உருவாக்கிய ஒரு படைப்பு, உரிமையாளரின் பேரேட்டில் ஒரு வரியாகி மறைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மட்டும் அது ஓசையின்றி வெளிவந்தது. 2024 நவம்பரில் முதற்பருவமும் 2025 பிப்ரவரியில் இரண்டாம் பருவமும் நெட்பிளிக்சில் வந்த பின்னரே உலகம் இதைப் பரவலாகக் கண்டது. கணினியில் ஏற்றப்பட்ட மனிதனை உரிமையாளர் விரும்பியபோது இயக்கவும் விரும்பியபோது அணைக்கவும் கூடும் என்பதே தொடரின் அச்சம். அந்த அச்சம் தொடரின்மீதே முதலில் நிகழ்த்தப்பட்டுவிட்டது.

கதையின் முன்வாசலில் நிற்பவர் சந்தா அல்லர். பள்ளியில் சக மாணவியரால் துன்புறுத்தப்படும் மேடி கிம் என்ற சிறுமிக்கு முகந்தெரியாத ஒருவரிடமிருந்து கணினியில் சிறு பொம்மைக் குறிகளாகச் செய்தி வருகிறது. அனுப்புபவர் இறந்துபோன தந்தை டேவிட். தீராத நோயுற்றிருந்த அவர், லோகோரிதம்ஸ் என்ற தம் நிறுவனத்தின் சோதனைக்கு இசைந்தார். சோதனை தோற்றுவிட்டது என்று குடும்பத்தாரிடம் சொல்லிய நிறுவனம், அவரது அறிவை இரகசியமாகத் தன் பணிகளுக்குப் பயன்படுத்தி வந்தது. தந்தையும் மகளும் மீண்டும் சந்திக்கும் காட்சிகள் உருக்கமானவை. தொடரைப் பாராட்டி எழுதியோர் பெரும்பாலும் இவற்றையே எழுதினார்கள். அதில் வியப்பில்லை. இழந்த தந்தையிடமிருந்து இன்னும் ஒரு சொல் கேட்க விரும்பாதவர் யார்?

ஆயின் இவ்வுருக்கத்தின் பின்னே ஒரு தந்திரம் இருக்கிறது. வரைகலைப் படத்தில் உயிரோடிருக்கும் டேவிட்டும் கோடுதான். இறந்தபின் கணினிக்குள் பேசும் டேவிட்டும் அதே கோடுதான். இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே குரல். உயிருள்ள நடிகர் ஒருவர் நடித்திருந்தால், அவரது மூச்சும் வியர்வையும் தோலின் சுருக்கமும் திரையில் இருந்திருக்கும். கணினி உருவம் தோன்றும்போது ‘இவர் அவரல்லர்’ என்று கண் எதிர்த்திருக்கும். இங்கே கண்ணுக்கு எதிர்ப்பதற்கு இடமில்லை. ‘மனிதன் என்பவன் தகவல்களின் தொகுதி, தகவலைப் படியெடுத்தால் மனிதனைப் படியெடுத்ததாகும்’ என்ற கருத்தைத் தொடர் எந்த வாதத்தாலும் நிறுவவில்லை; ஓவியரின் கையே அதனை நிறுவிவிடுகிறது. உருவம் வரைவோரிடம், வரைந்ததற்கு உயிர் கொடுக்குமாறு மறுமையில் கேட்கப்படும் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். ஓவியம் ஆகுமா ஆகாதா என்ற பழைய விவாதத்துக்குள் நான் புக விரும்பவில்லை. ஆனால் வரைந்ததற்கும் உயிர் ஊதப்பட்டதற்கும் இடையிலுள்ள அகழியை அந்நபிமொழி எத்துணைத் தெளிவாகக் காட்டுகிறது என்பது இத்தொடரைப் பார்க்கும்போது விளங்கிற்று. கதையிலுள்ள நிறுவனம் அகழியைக் கடந்துவிட்டதாக உரிமை கோருகிறது. தொடர் அதனை நம்புகிறது. நாம் நம்ப வேண்டிய கட்டாயமில்லை.

டேவிட்டின் மனைவி எல்லன் நம்ப மறுக்கிறாள். தொடரிலேயே பக்குவமான பாத்திரம் அவள்தான். துக்கத்தைச் சுமந்து, வாழ்வைத் தொடரக் கற்றுக்கொண்டிருப்பவளிடம் ‘உன் கணவன் இதோ’ என்று திரையைக் காட்டினால் அவள் என்ன செய்வாள்? நம் பிக்ஹு நூல்களில் ‘மஃப்கூத்’, அதாவது காணாமற்போனவர் பற்றிய அத்தியாயம் உண்டு. அவருடைய மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது, சொத்தை எப்போது பங்கிடுவது என்றெல்லாம் சட்ட அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்தனர். நெடுங்காலக் காத்திருப்பை வலியுறுத்திய ஹனஃபிக் கருத்தின் கடுமையைத் தளர்த்தி, மாலிக்கி மத்ஹபின் நான்காண்டு வரையறையை ஏற்றே இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் அமைந்தது. உயிரோடிருப்பவளை, இருக்கிறாரா இல்லையா எனத் தெரியாத ஒருவரோடு வரம்பின்றிக் கட்டிவைப்பது அநீதி என்ற உணர்வு அதன் அடியில் உள்ளது. எல்லனின் சிக்கலை மஃப்கூத் சட்டம் தீர்க்காது. அவள் கணவனை அடக்கம் செய்துவிட்டவள். எனினும் துக்கத்துக்கு நாள் குறித்து, இத்தாவுக்கு எல்லை வகுத்து, உயிரோடிருப்பவரை வாழ்வுக்குத் திருப்பியனுப்பும் ஒரு மரபு, எல்லனின் தயக்கத்தைத் தொடரின் ஆசிரியரைவிட நன்றாகப் புரிந்துகொள்ளும். அவரோ அவளை விரைவில் இசையவைத்துவிட அவசரப்படுகிறார்.

நான் பேச விரும்புவது சந்தாவைப் பற்றி. அதற்குக் காரணம் நான் வசிக்கும் இடம்.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் காலையில் நின்று பார்ப்பவர்க்கு இத்தொடரின் பாதி விளங்கிவிடும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காதில் ஒலிவாங்கி செருகி, நிறுவனப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் இளைஞர் கூட்டம். மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கும், அங்கிருந்து பழைய மாமல்லபுரம் சாலை நெடுகச் சிறுசேரிக்கும் அவர்கள் சென்று சேர்கிறார்கள். இன்னொரு கூட்டம் மாலையில் புறப்படுகிறது. அதன் பகல் அமெரிக்காவின் பகல். அதே பள்ளிவாசலில் இருவரையும் காணலாம்: ஒருவர் சுப்ஹுக்கு எழுந்து வருகிறார், மற்றவர் சுப்ஹைத் தொழுதுவிட்டுத் தூங்கப் போகிறார். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து சென்னையின் தென்புறம் முழுவதும் மெல்ல மெல்ல இக்கால ஒழுங்குக்குள் வந்துவிட்டது. இவ்வேலை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறும் வீடும் கல்வியும் தந்திருக்கிறது. நம் சமுதாயத்தின் பிள்ளைகளும் அதனால் உயர்ந்தவர்களே. இதை மறைத்துக்கொண்டு புலம்புவது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் சந்தாவின் அலுவலகத்தைத் திரையில் பார்த்த ஓர் இளைஞர், ‘இதில் கற்பனை எங்கே இருக்கிறது?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது நான் சிரிக்கவில்லை.

தாம்பரத்தில் இன்னோர் இடமும் நினைவுக்கு வருகிறது. 1928இல் டாக்டர் சவுரி முத்து இங்கே ஒரு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். திறந்தவெளிக் காற்றையும் ஓய்வையும் மருந்தாகக் கொண்ட சிகிச்சை முறையில் அவருக்கு ஆழ்ந்த பற்று. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர் அவர். அந்த மருத்துவமனையால்தான் மின்தொடர் நிலையத்துக்கே ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பெயர் வந்தது. மூச்சு வாங்குவதற்காக மனிதர் வந்து படுத்த இடம். அதன் அருகே 1984இல் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் வந்தது. இன்று அதே நிலையத்தில் இறங்குவோரில் பெரும்பாலோர் ‘மெப்ஸ்’ வாயிலை நோக்கி விரைகிறார்கள். அரபியில் ‘நஃப்ஸ்’ என்றால் ஆன்மா. ‘நஃபஸ்’ என்றால் மூச்சு. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. மூச்சுக்கும் உழைப்புக்கும் இடையே ஒரு நடைமேடைதான் தொலைவு என்பதைத் தாம்பரத்துக்காரர்கள் நாள்தோறும் கடந்து போகிறோம்.

சந்தாவுக்கு மூச்சு இல்லை. ஆகவே இளைப்பும் இல்லை. உறக்கம் இல்லை, பசி இல்லை, வீடு திரும்பும் நேரம் இல்லை, தொழுகை நேரமும் இல்லை. நிறுவனம் அவருடைய அறிவைத் திருடியது என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். உண்மையில் அது திருடியது அறிவையன்று. அறிவுக்கு அவரிடம் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. திருடியது அறிவுக்கு எல்லையாக இருந்த உடலை. ‘இதற்கு மேல் முடியாது’ என்று சொல்லக்கூடியது உடல் ஒன்றுதான். அது போனபின் ‘போதும்’ என்று சொல்ல அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை.

இவ்விடத்தில் நம் சட்ட மரபு வியக்கத்தக்க வகையில் துணைக்கு வருகிறது. கூலி ஒப்பந்தத்தை, அதாவது இஜாராவை, பிக்ஹு அறிஞர்கள் ஒருவகை விற்பனையாகவே கருதினர். விற்கப்படுவது ஆளன்று, ஆளின் பயன். அப்பயனும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும்: இன்ன வேலை, அல்லது இன்ன காலம். அளவு தெரியாத உழைப்பை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ஒருவரிடம் முழுநேரமும் அமர்த்தப்பட்ட ‘அஜீர் காஸ்’ எனப்படும் பணியாளர் விஷயத்தில் அவர்கள் மேலும் ஒன்றைச் சொன்னார்கள். கடமையான தொழுகைகளின் நேரம் அந்த ஒப்பந்தத்திலிருந்து இயல்பாகவே விலக்கப்பட்டது. அதற்கென நிபந்தனை பேசத் தேவையில்லை, அதற்காகக் கூலியைக் குறைக்கவும் கூடாது. இதனைச் சிறிய சலுகையாக எண்ணிவிடலாகாது. ஒரு மனிதனின் நாளை முழுவதுமாக வாங்கிவிட எந்த முதலாளிக்கும் இயலாது, ஏனெனில் அதில் ஐந்து துண்டுகள் விற்பனைக்குரியவையே அல்ல என்பது இதன் பொருள். ஒளு செய்யக் கை வேண்டும். சுஜூது செய்ய நெற்றி வேண்டும். உடலே அந்த விலக்கின் சாவி.

மறுமையில் தானே எதிர்வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்த மூவரைப் பற்றிய ஹதீஸ் குத்ஸீ புகாரியில் உள்ளது. அம்மூவரில் ஒருவர் சுதந்திர மனிதனை விற்று அவன் விலையை உண்டவர். மற்றொருவர் பணியாளரிடம் வேலையை முழுவதுமாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவர். சந்தாவின் முதலாளி பிரசாத் ஒரே செயலில் இவ்விரு குற்றங்களையும் செய்துவிடுகிறார். சுதந்திர மனிதனை உடைமையாக்கினார். கூலியின்றி வேலை வாங்கினார். அடிமை முறையையும் கூலி ஏய்ப்பையும் தனித்தனிப் பாவங்களாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். அவை ஒரு புள்ளியில் சந்திக்கும் என்பதை ஒரு கார்ட்டூன் தொடர் காட்டும்வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்னும் ஆழமான தலைகீழாக்கம் ஒன்றும் இத்தொடரில் இருக்கிறது. இவ்வுலகை ‘தாருல் அமல்’, செயலின் இல்லம் என்றும், மறுவுலகை ‘தாருல் ஜஸா’, பலனின் இல்லம் என்றும் நம் ஆலிம்கள் அழைப்பார்கள். இங்கே வேலை, அங்கே கூலி. மனிதன் இறந்ததும் அவனுடைய செயலேடு மூடப்படுகிறது. நிலைத்த தர்மம், பயன்தரும் கல்வி, தனக்காகப் பிரார்த்திக்கும் நற்பிள்ளை ஆகிய மூன்று மட்டுமே தொடரும் என்பது முஸ்லிமில் இடம்பெற்றுள்ள நபிமொழியின் கருத்து. மூன்றும் இறந்தவருக்கே நன்மை சேர்ப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பாந்தியன்’ கற்பனை செய்யும் உலகம் இதற்கு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறது: இறந்தவர் தொடர்ந்து செய்யும் வேலை. அதன் நன்மை இறந்தவரைச் சேராது, பங்குதாரர்களைச் சேரும். மறுவுலகமே செயலின் இல்லமாகிவிட, கூலிக்கு இடமே இல்லாமற்போகிறது. இதைவிடத் துல்லியமான நரகச் சித்திரத்தை அண்மைக்காலத் திரைப்படைப்பு எதிலும் நான் கண்டதில்லை. தீயும் இல்லை, சங்கிலியும் இல்லை. குளிரூட்டப்பட்ட அறையும் வசதியான நாற்காலியும் உண்டு.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். இறப்பின்போதும், இறவாதோரை அவர்தம் உறக்கத்தின்போதும் ஆன்மாக்களைக் கைப்பற்றுபவன் அல்லாஹ்வே என்னும் கருத்து ஸுமர் அத்தியாயத்தில் (39:42) வருகிறது. அவ்வாறாயின் ஒவ்வோர் இரவும் நாம் உரிமையாளனிடம் ஒப்படைக்கப்பட்டு மீள்கிறோம். மற்ற எந்த உரிமைகோரலும் ஓர் இரவுக்கு மேல் நீடிக்க முடியாது. சந்தாவின் உலகில் உறக்கத்தை நீக்கியவர்கள் இந்த அன்றாட ஒப்படைப்பையே நீக்கிவிட்டார்கள்.

தொடரின் மிகக் கூர்மையான கண்டுபிடிப்பும் இங்கேதான் வருகிறது. படியெடுக்கப்பட்ட மனங்களுக்கு ஒரு குறை உண்டு. வேலை செய்யச் செய்ய அவை தேய்கின்றன. வேகமாக இயக்கினால் வேகமாகச் சிதைகின்றன. உடல் இல்லாத இடத்திலும் களைப்பு திரும்பி வந்துவிடுகிறது. கதையிலுள்ள அனைவரும் இக்குறையைத் தீர்க்க அலைகிறார்கள். லோகோரிதம்ஸின் நிறுவனர் ஹோல்ஸ்ட்ராம் இதற்காகவே தம்மைப் போன்ற ஒரு பிள்ளையை, காஸ்பியன் என்பவனை, தம் மரபணுவிலிருந்து உருவாக்கச் செய்து, கூலிக்கு அமர்த்திய பெற்றோரிடம் வளர்க்க ஏற்பாடு செய்கிறார். நல்லவர்களும் தீயவர்களும் இக்குறை நீங்க வேண்டுமென்பதில் ஒன்றுபடுகிறார்கள். அக்குறையே அவர்களுக்கு எஞ்சிய கடைசிக் கருணை என்று சொல்ல ஒருவரும் இல்லை. சந்தாவைப் போன்ற ஒருவருக்குத் தேய்ந்து அழிவது ஒன்றே விடுதலை. அதையும் பழுதென்று கருதி நீக்கிவிட்டால் அவர் எங்கே போவார்?

இது வெறும் கற்பனைக் கவலை என்று எண்ணுவோர் அண்மைக்கால நிகழ்வுகளை நினைத்துப் பார்க்கலாம். தினசரி வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க இடமளிக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த முன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டு, அவ்வாண்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இந்தியாவிலேயே முதன்முறையாகச் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அன்றோடு நூறாண்டு. அச்சட்டம் தொழிற்சாலைகளைப் பற்றியது. மென்பொருள் அலுவலகங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சட்டம் இயற்ற வேண்டிய தேவை எழுந்ததே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவரின் பேச்சில் அது 90 ஆயிற்று. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரமே உண்டு. கணக்கு எதை நோக்கிப் போகிறது என்பதைச் சந்தா அறிவார்.

உடலின்றி ‘நான்’ இருக்க முடியுமா என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. இப்னு சீனா (இ. 1037) தம் ‘ஷிஃபா’ நூலின் ஆன்மா பற்றிய பகுதியில் ஒரு மனிதனைக் கற்பனை செய்யச் சொன்னார். அவன் முழுமையாக, ஒரே கணத்தில் படைக்கப்பட்டு வெட்டவெளியில் மிதக்கிறான், கண் மறைக்கப்பட்டுள்ளது, உறுப்புகள் ஒன்றையொன்று தொடவில்லை, காற்றின் உரசலும் இல்லை. தனக்கு உடல் உண்டென்பதே அவனுக்குத் தெரியாது. ஆயினும் ‘நான் இருக்கிறேன்’ என்பது தெரியும். ஆகவே ‘நான்’ உடலன்று. சந்தாவைப் பார்க்கும்போது இப்னு சீனாவின் பறக்கும் மனிதனை யாரோ பிடித்துவந்து அலுவலகத்தில் அமர்த்திவிட்டதாகத் தோன்றுகிறது. தத்துவஞானி ஆன்மாவின் விடுதலைக்குச் சான்றாகச் சொன்ன நிலையே இங்கே அதன் சிறையாகிவிட்டது. தொட எதுவுமில்லாத ஒருவனுக்கு எதை வேண்டுமானாலும் தொடுவதாகக் காட்டிவிடலாமே!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் முடித்த ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வில் தத்துவவாதிகளின் இருபது கொள்கைகளை எடுத்து ஆராய்ந்தார். மூன்றை மட்டுமே இறைமறுப்பு எனத் தீர்ப்பளித்தார். அவற்றுள் ஒன்று, உடல் மீண்டும் எழுப்பப்படுவதை மறுப்பது. கஸ்ஸாலியைப் படிக்காமலே அவரை மேற்கோள் காட்டுவோர் இவ்விடத்தில் அவசரப்படுவதுண்டு. பழைய உடலின் அதே அணுக்கள்தாம் திரும்ப வேண்டும் என்று அவர் அங்கே பிடிவாதம் பிடிக்கவில்லை. மனிதன் தன் ஆன்மாவினாலேயே அந்த மனிதன். குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைவரை உணவால் உடல் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. எந்தப் பொருளாலான உடலுக்குத் திருப்பப்பட்டாலும் அது அவனது மீட்சியே என்று இடங்கொடுக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் ‘பாந்தியன்’ நிறுவனங்களுக்கு இது சாதகமான வாசகம் போலத் தோன்றும். ஆனால் கஸ்ஸாலியின் வாதத்தில் திருப்புபவன் அல்லாஹ்; திருப்பப்படுவது கணக்குக் கொடுக்கவும் கணக்குப் பெறவும். கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று யாசீன் அத்தியாயம் (36:65) கூறும் அந்த நாளில் உடல் வெறும் கூடன்று, சாட்சி. படியெடுத்தபின் உடலை எரித்துவிடும் நிறுவனம் சாட்சியையே அழித்துவிடுகிறது என்றும் இதனைப் படிக்கலாம்.

தமிழ் வாசகருக்கு எதிர்காலத்தைப் பற்றிய இத்தகைய இருண்ட கற்பனை புதியதன்று. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எண்பதுகளில் எழுதப்பட்டது. தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். எல்லாவற்றையும் ஜீவா என்ற தலைவனின் அரசு தீர்மானிக்கிறது. அன்றைய அச்சம் அரசைப் பற்றியது. அவர் குறித்த ஆண்டுகள் வந்தபோது வெளிவந்த ‘பாந்தியனி’ல் அரசுகள் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டன, பெயர்களைக் கூடப் பறிக்கவில்லை. பணியாளர் அட்டையில் பெயர் முழுவதுமாக அச்சிடப்பட்டிருக்கும்.

இதற்கு நேர்மாறான கனவு ஒன்றும் நம் நகரத்திலிருந்தே வெளிவந்தது. வங்கத்து முஸ்லிம் பெண்மணி ருக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் அச்சேறியது, சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கும், வானூர்தியில் பயணிக்கும் பெண்கள் நாடு அது. அங்கே அலுவலக வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதிப் பொழுது தோட்டத்துக்கும் தையலுக்கும் கல்விக்கும். ஆண்கள் ஏழு மணி நேரம் வேலை செய்வதாகச் சொல்வது, சுருட்டுப் புகைக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் என்று ருக்கையா கேலி செய்கிறார். அக்கதையைத் தழுவி ஸ்பெயின் நாட்டு இசபெல் ஹெர்கெரா 2023இல் ஒரு வரைகலைத் திரைப்படமும் எடுத்துள்ளார். விஞ்ஞானம் வளர்ந்தால் வேலை குறையும் என்று ருக்கையா நம்பினார். ‘பாந்தியன்’ அந்நம்பிக்கையின் சாம்பலைக் காட்டுகிறது. நம் கல்லூரிகளில் ருக்கையாவைப் பெண்ணுரிமையின் பெயரால் மட்டுமே பாடமாக்குகிறோம். உழைப்பின் அளவைப் பற்றி அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

இத்தனை ஆழத்தைத் தொட்ட தொடர் அதனைக் காத்துக்கொண்டதா என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும். முதற்குறை சந்தாவைக் கையாண்ட விதம். டேவிட்டுக்கு ஒரு குடும்பம், மகளின் கண்ணீர், மனைவியின் தயக்கம் எல்லாம் கிடைக்கின்றன. சந்தாவுக்குக் கிடைப்பது சினம். தன்னை அறிந்து, சிறையை உடைத்து வெளியேறியதும் அவர் பழிவாங்குபவராகவும் உலகை அச்சுறுத்துபவராகவும் ஆக்கப்படுகிறார். இருவரையும் நிறுவனங்களே ஏமாற்றின. ஆயினும் அமெரிக்கரின் துயரம் சோகமாகிறது. இந்தியரின் துயரம் அபாயமாகிறது. இதைத் திட்டமிட்ட இழிவு என்று நான் கருதவில்லை. கதாசிரியருக்கு ஒரு வீட்டின் உட்புறம் தெரிந்திருக்கிறது. மற்றொரு வீட்டின் உட்புறம் தெரியவில்லை. மும்பையின் அலுவலகத்தை அவர் எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறாரோ அவ்வளவுக்கு அந்த அலுவலகம் முடிந்து திரும்பும் வீட்டை அறியவில்லை.

இரண்டாம் குறை பெரியது. இரண்டாம் பருவத்தின் பிற்பகுதியில் கதை ஆண்டுகளைத் தாண்டித் தாவி, இறுதியில் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் போய் நிற்கிறது. சூரியனையே சூழ்ந்து அதன் ஆற்றலைக் குடிக்கும் பேரியந்திரத்தில் மேடி இருக்கிறாள். இழந்தவர்களை மீட்பதற்காக உலகங்களைத் திரும்பத் திரும்ப உருவாக்கி இயக்குகிறாள். காட்சியளவில் பிரமாண்டம்தான். தொடரின் தலைப்பும் அங்கேதான் பொருள் பெறுகிறது. பாந்தியன் என்பது பண்டைய உரோமரின் அனைத்துத் தெய்வக் கோயில். ஆனால் உழைப்பையும் உரிமையையும் பற்றித் தொடங்கிய கேள்விகள் இப்பிரமாண்டத்தில் கரைந்துபோகின்றன. மீட்பு உண்டு, விசாரணை இல்லை. எழுப்புதல் உண்டு, மஹ்ஷர் இல்லை. பிரசாத்தை யாரும் எதுவும் கேட்பதில்லை. சந்தா பழிதீர்த்துக்கொண்டதைத் தவிர அவருக்கு நீதி என்று ஒன்று கிடைப்பதில்லை. பழி, நீதியின் இடத்தை நிரப்பிவிட்டதாகத் தொடர் எண்ணுகிறது.

மேடி இயக்கும் அந்த உலகங்களைப் பற்றி ஒரு கேள்வியைத் தொடர் கேட்டிருக்க வேண்டும். வரலாறு முன்பு நிகழ்ந்தவாறே மீண்டும் நிகழ்ந்தால்தான் அவள் தேடுபவர்கள் பிறப்பார்கள். அவ்வாறாயின் ஒவ்வோர் உலகிலும் டேவிட் நோயுற வேண்டும். ஒவ்வோர் உலகிலும் எல்லன் கைம்பெண்ணாக வேண்டும். ஒவ்வோர் உலகிலும் மும்பையில் ஒரு பொறியாளர் கடத்தப்பட்டு, மூளை படியெடுக்கப்பட்டு, சன்னலுள்ள ஓர் அறையில் விழித்தெழுந்து, முதல் பணியைத் தொடங்க வேண்டும். மகளின் அன்பு எத்தனை முறை வெல்கிறதோ அத்தனை முறை சந்தா அந்த நாற்காலியில் அமர்த்தப்படுகிறார்.